தூர்டிஸும் நானூற்றைம்பது பன்றிகளும்

லேர்விக்கா துறைமுகத்தில் கூட்டுறவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த தூர்டிஸ் யாரென்று கேட்டால், ஆறு தீவுக்காரர்களும் அவள் வேலையை அப்புறம்தான் சொல்வார்கள். உறவைத்தான் முதலில் சொல்வார்கள். படகோட்டும் எட்வினுக்கு அண்ணன் பெண்டாட்டி. ஸ்கார்வா தீவில் கடை வைத்திருந்த ஆஸ்லாவுக்குச் சித்தப்பா மகள். ஃபூக்லா தீவுக் கடைக்காரன் மக்னாருக்கு மாமன் மகள். மற்றக் கடைக்காரர்களும் எங்கேயோ சுற்றி எப்படியோ அவளுக்குச் சொந்தம்தான். அந்தப் பக்கத்துக் கடலில் வலை போட்டால் மீன் வருகிறதோ இல்லையோ, தூர்டிஸுக்கு ஒரு சொந்தக்காரன் வருவான்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் கிடங்கில் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்தத் தீவுக்கு எப்போது தீரும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அலமாரிகளுக்கு எண் போடவில்லை, சொந்தக்காரர் பெயர் வைத்திருந்தாள். மண்ணெண்ணெய் இருந்த மூலைக்கு மாமியார் பெயர். தீப்பெட்டியை அதற்கு எதிர்க்கோடியில் வைத்திருந்தாள். கருவாட்டுக்கு யார் பெயர் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டாள், புருஷனைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயதான வருஷம் அந்தக் கிடங்கே போய்விடும் போல ஆனது. காரணம் பன்றி. உயிருள்ள பன்றி இல்லை. பாதாமும் சர்க்கரையும் அரைத்துப் பிசைந்து, உள்ளங்கை அளவுக்குப் பன்றி மாதிரி பிடித்து, கழுத்தில் சிவப்பு நாடா கட்டி வருமே, அது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு அரிசிக் கஞ்சி. பாலில் குழையக் காய்ச்சி, மேலே வெண்ணெய் வைத்து, உள்ளே ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்துவிடுவார்கள். யார் தட்டில் பருப்பு வருகிறதோ அவருக்குப் பன்றி. எழுபது வயதுக் கிழவனும் பருப்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் போல உட்கார்ந்திருப்பான். ஆக, ஒரு வீட்டுக்கு ஒரு பன்றி. ஆறு தீவுக்கும் சேர்த்துச் சுமார் நானூறு. இதில் குழப்பம் வர என்ன இருக்கிறது என்று தோன்றும். மனுஷர்கள் இருக்கிறார்களே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கார்வாவில் பதினோரு வீட்டுக்குப் பன்றி இல்லாமல் போனது. புயலில் எட்வினின் படகு கிளம்பவில்லை. ஆஸ்லாவின் புருஷனுக்கே பருப்பு வந்தது. கடைக்காரி வீட்டிலேயே பன்றி இல்லை. என்ன செய்வாள், ஒரு கேரட்டைச் சீவி, நாலு கிராம்பைக் குத்திக் கால் வைத்து, சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தாள். அந்த மனுஷன் ஒன்றும் சொல்லாமல் அதைக் கடித்துத் தின்றான். அந்தச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்று ஆஸ்லாவ் சொல்வாள். அதிலிருந்து தீவுகளில் அதைக் கேரட் வருஷம் என்றே சொன்னார்கள்.

அடுத்த வருஷம் எல்லோருக்கும் பயம். ஒரு வீட்டுக்காரி, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சொல்லிவைத்தாள். கடைக்காரன் அதைப் பார்த்து, ஊரே இரண்டு கேட்கிறதே, பத்தாமல் போனால் என் மானம் போகுமே என்று இன்னும் கொஞ்சம் ஏற்றி எழுதினான். பட்டியல் கிடங்குக்கு வந்ததும் தூர்டிஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றினாள். கஞ்சிக்கு வேண்டிய பன்றி நானூறு, பயத்துக்கு வேண்டியது அறுநூற்று நாற்பது. மொத்தம் ஆயிரத்து நாற்பது பன்றி வந்து இறங்கியது. பண்டிகை முடிந்தபோது அறுநூற்று முப்பது மிஞ்சியது.

வசந்தம் வரைக்கும் தீவுகளில் எவர் வீட்டுக்குப் போனாலும் காப்பியோடு பன்றி. போதகர் திருமுழுக்குக்கு வந்த குழந்தைக்குப் பன்றி கொடுத்தார், பல்லே முளைக்காத குழந்தைக்கு. கோடையில் ஒரு நாய்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

இலையுதிர் காலத்துக் கூட்டத்தில் கூட்டுறவுத் தலைவர் ஹல்வார் எழுந்தார். ஹல்வாரும் தூர்டிஸும் ஒரே வகுப்பு. ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அவர் தலைவரான பிறகும் அவள் குரலில் மரியாதை ஒன்றும் கூடவில்லை.

"இப்படியே போனா கிடங்கு எதுக்கு?" என்றார் ஹல்வார். "நகரத்துலேருந்து நேரா கடைக்குக் கடை அனுப்பிடலாம். நடுவுல ஒரு கட்டடம், அதுக்கு ஒரு அம்மா, அவ பெருக்குறதுக்குப் பன்றி!"

"பெருக்குனது நான் மட்டுமா? ஒரு வீட்டுக்கு ரெண்டுன்னு கேட்டது யாரு, நான் கேட்டேனா?"

"அதான் சொல்றேன். இந்த வருஷம் ஒரு வீட்டுக்கு ஒரு பன்றி. பயந்துகிட்டுக் கூட வாங்குறவன் ஆறு தீவுக்கும் துரோகி. இதை எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். அப்புறம் இப்படித் தீர்மானமானது: எந்த வீட்டுக்கும் பன்றி இல்லை என்று இருக்கக்கூடாது. புதுவருஷம் பிறந்து இரண்டாம் நாள் எண்ணும்போது, எல்லாக் கடையும் கிடங்கும் சேர்த்து ஐம்பதுக்கு மேல் மிஞ்சவும் கூடாது. இரண்டில் எது தப்பினாலும் கிடங்கு மூடப்படும், படகு பழுது பார்க்கிறவனுக்குக் கட்டடம் போகும். தூர்டிஸ் மீன் வெட்டப் போகலாம், அல்லது வீட்டில் உட்கார்ந்து புருஷன் முகத்தைப் பார்க்கலாம். இரண்டாவதுதான் அவளுக்கு அதிகப் பயம்.

அவள் யோசித்தாள். ஒவ்வொரு கடையும் பயத்தில் ஒளித்து வைக்கிறது, அதனால்தான் ஊர் முழுக்கப் பயம் பெருகிக் கிடக்கிறது. ஆறு இடத்தில் ஆறு பயம் எதற்கு? கடையில் அவசியத்துக்கு மட்டும் இருக்கட்டும். பயத்துக்கு என்று இருப்பதை ஒரே இடத்தில், தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தீவுக்குக் குறைகிறதோ அங்கே எட்வின் கொண்டுபோவான். வாரம் இருமுறை படகு போகிறதே. நானூற்றைம்பது பன்றி போதும்.

"எவ்வளவு வேணும்னு உண்மையைச் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்று ஆறு கடைக்கும் எழுதினாள்.

உண்மை வராது என்பது அவளுக்குத் தெரியும். ரத்தம் தெரிந்தவளுக்கு ரத்தத்தின் பொய்யும் தெரியும். அவள் அப்பா வழியில் எல்லோரும் கூட்டிச் சொல்கிறவர்கள். அவள் தாத்தா ஒருமுறை பிடித்த ஹாலிபட் மீன், சொல்லச் சொல்ல வருஷத்துக்கு ஒரு சாண் வளர்ந்து, அவர் செத்தபோது படகைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா வழியில் எல்லோரும் குறைத்துச் சொல்கிறவர்கள். ஒன்பது பிள்ளை பெற்ற பெரியம்மாவிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால், "ஏதோ, வீட்டுக்குத் தேவையானது" என்பாள்.

ஆகவே பட்டியல் வந்ததும் தூர்டிஸ் பென்சிலைக் கூர் சீவிக்கொண்டாள். அம்மா வழிக் கடைகள், லேர்விக்காக் கடையையும் சேர்த்து, நாலு. அவற்றுக்குக் கொஞ்சம் ஏற்றினாள். ஆஸ்லாவ் அப்பா வழி, கேரட்டும் தின்ற வீடு. தொண்ணூறு கேட்டிருந்தாள். தூர்டிஸ் அறுபது என்று எழுதினாள். ஃபூக்லாவின் மக்னாரும் அப்பா வழி அத்தை மகன், பிறந்ததிலிருந்தே ஒன்றை இரண்டு என்பவன். பட்டியலில் எண்பத்துநாலு என்று இருந்தது. பாதி. நாற்பத்திரண்டு. முன்னூற்று எழுபது பன்றிகள் கடைகளுக்குப் போக, எண்பது பன்றிகளைப் பெட்டியும் சில்லறையுமாகக் கிடங்கில், தன் அம்மா பெயர் வைத்த அலமாரியில் வைத்தாள். அது அவள் நம்பிய ஒரே அலமாரி.

டிசம்பர் இருபத்திரண்டு வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. லேர்விக்காக் கடையில் மட்டும் ஒரே நாளில் ஆறு பன்றி கூடுதலாகப் போயிருந்தது. யாரோ வெளியூர்ச் சொந்தம் வந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இருபத்திரண்டாம் தேதி மத்தியானம் காற்று திரும்பியது. ஒரு மணி நேரத்தில் கடல் வெள்ளையாகிவிட்டது. தொலைபேசி அடித்தது.

"தூர்டிஸ், நான் பெர்னில்லெ பேசறேன், ஃபூக்லாலேருந்து."

பெர்னில்லெ மக்னாரின் பெண்டாட்டி. நகரத்துப் பெண், ஒரு வாத்தியார் மகள், கல்யாணமாகி மூன்று வருஷம்.

"சொல்லும்மா. மக்னார் எங்க?"

"அவருக்கு இடுப்பு பிடிச்சுகிட்டு ரெண்டு மாசமா படுக்கை. கடையை நான்தான் பாக்கறேன். எண்பத்துநாலு கேட்டேன், நாப்பத்திரெண்டு அனுப்பியிருக்கீங்க. இன்னும் நாப்பத்திரெண்டு வீடு வாசல்ல நிக்குது."

தூர்டிஸ் கையில் இருந்த பென்சில் நின்றது. "பட்டியல் எழுதினது யாரு?"

"நான்தான்."

"எண்பத்துநாலுன்னு எப்படி எழுதின?"

"எண்பத்துநாலு வீடு இருக்கு. எண்ணிப் பாத்துதான் எழுதினேன்." என்றாள் பெர்னில்லெ. "உண்மையைச் சொல்லச் சொன்னீங்களே?"

தூர்டிஸ் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறு தீவிலும் ஒருத்திதான் சொன்னபடி செய்திருக்கிறாள். அவளைத்தான் பாதியாக வெட்டியிருக்கிறாள். முப்பது வருஷம் சொந்தக்காரரோடு வியாபாரம் பண்ணினால், ஒருத்தர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்பதே மறந்துபோகும்.

"போனை வை, பாத்துட்டுச் சொல்றேன்" என்று அம்மா அலமாரிக்கு ஓடினாள். அங்கே முப்பது பன்றிதான் இருந்தது. இரண்டு பெட்டியைக் காணோம். பெட்டிக்கு இருபத்தைந்து, ஐம்பது பன்றி.

வாசலில் எட்வின் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

"எட்வின்! என் அம்மாவை எங்க கொண்டு போன?"

"உங்க அம்மா போய்ப் பத்து வருஷம் ஆச்சே?"

"அலமாரியைச் சொல்றேண்டா! ரெண்டு பெட்டி எங்க?"

எட்வின் கயிற்றைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். "ஆஸ்லாவ் கேட்டா. நீ சரின்னு சொன்னதா சொன்னா."

"நான் சொன்னேனா?"

"நானும் நம்பலை. ஆனா அவ சுட்டுக் குடுத்த வாஃபிள் சூடா இருந்துச்சு. மேல ஜாம் வேற."

"எத்தனை தின்ன?"

"பெட்டிக்கு நாலு."

திட்டுவதற்கு நேரமில்லை. "படகை எடு. இருக்கிற முப்பதையாவது ஃபூக்லாவுக்குக் கொண்டு போ."

எட்வின் விளையாட்டுப் பேச்சை நிறுத்தினான். "தூர்டிஸ், வெளியே பாரு. இந்தக் காத்துல நடுக்கடலைத் தாண்ட முடியாது. ரெண்டு நாளைக்கு ஒருத்தனும் போகமாட்டான். நான் போனா, பன்றியும் போகும், நானும் போவேன், உன் புருஷன் தம்பியில்லாம நிப்பான்."

அப்போதுதான் அவளுக்குத் தன் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. பயத்தை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தது சரி. ஆனால் சேர்த்த இடம் கடலுக்கு இந்தப் பக்கம். புயல் வருகிற அன்றுதானே பயம் வேலைக்கு ஆகும்? அன்று படகு போகாது. ஃபூக்லாவுக்கும் ஸ்கார்வாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கால்வாய். இரண்டு பக்கமும் பாறை. எந்தக் காற்றிலும் துடுப்புப் போட்டு இருபது நிமிஷத்தில் போகலாம். ஆகக் கடவுள் ஐம்பது பன்றியைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார். ஆனால் அதைத் திருடி ஒளித்தவள் ஆஸ்லாவ். ஒளித்ததை ஒத்துக்கொண்டால் ஹல்வார் முன்னால் மானம் போகும்.

தூர்டிஸ் ஸ்கார்வாவுக்குத் தொலைபேசினாள்.

"ஆஸ்லாவ், உங்கிட்ட எத்தனை பன்றி இருக்கு?"

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம். அப்பா வழியில் பொய்க்கு முன்னால் எல்லோரும் செருமுவார்கள். "நீ அனுப்புனதுதான். அதுவும் வித்துப் போச்சு."

"நான் அனுப்பினதைக் கேக்கல. எட்வின் நாலு நாலா எட்டு வாஃபிள் தின்னானே, அதைக் கேக்கறேன்."

 காற்று கம்பியில் இரைந்தது.

"நீ அதைப் பிடுங்கறதுக்குத்தான் போன் போட்டியா?" ஆஸ்லாவின் குரல் உடைந்தது. "உனக்கென்ன, நீ கிடங்குல உக்காந்துகிட்டு அறுபதுன்னு எழுதிடுவ. பத்தலைன்னா சனங்க என் முகத்தைத்தான் பாக்கும். அந்த மனுஷன் கேரட்டைக் கடிச்சானே, தூர்டிஸ். ஒரு வார்த்தை சொல்லலை. நாலு வார்த்தை திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்."

"சரி, இந்த வருஷம் உன் ஊர்ல யாருக்காவது பத்தலையா?"

"இல்ல. எல்லாருக்கும் குடுத்தாச்சு."

"அப்ப அந்த ஐம்பது சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கறதுக்குத்தான் வெச்சிருக்கேன்! சும்மா கிடக்கறதைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"ஆஸ்லாவ், கேளு. எதிர்க்கரையில நாப்பத்திரெண்டு வீடு. நாப்பத்திரெண்டு கேரட்டு. நீ உன் வீட்டுல ஒரு சத்தம்தான் கேட்ட."

ஆஸ்லாவ் மூக்கைச் சிந்தினாள். "குடுத்தா, எண்ண வரும்போது நான் திருடின்னு எல்லாரும் சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவா? அது உன் வீட்டுல இருக்கறது என் திட்டம்."

"உன் திட்டமா?"

"ஆமா. வெளித்தீவுக்குத் தனி இருப்பு. ஸ்கார்வாவுல வெக்கணும்னு நான்தான் முடிவு பண்ணினேன். இப்பத்தான் முடிவு பண்ணினேன், ஆனா முடிவு முடிவுதானே?"

ஆஸ்லாவின் புருஷன்தான் துடுப்புப் போட்டான். கேரட் தின்றவனே இரண்டு பெட்டியையும் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு போனான். பெர்னில்லெ கரையில் நின்று எண்ணி வாங்கினாள். நாற்பத்திரண்டு. அவன் ஐம்பதையும் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு, "எனக்கு எட்டு வேண்டாமே, வீடு எண்பத்துநாலுதானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அந்த எட்டைத் திரும்பச் சுமந்து வந்தவன், "அந்தப் பொண்ணு நம்ம வழி இல்லை" என்று மட்டும் வீட்டில் சொன்னான்.

வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சினார்கள். எந்த வீட்டிலும் கேரட் சத்தம் கேட்கவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி காலை கிடங்கில் எண்ணினார்கள். ஹல்வார் மேல்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். கடைகளில் மிஞ்சியதை எல்லாம் எட்வின் முந்தின நாளே கொண்டுவந்திருந்தான். ஸ்கார்வாவிலிருந்து ஒரு பெட்டி இறங்கியதைப் பார்த்து ஹல்வார் புருவத்தைத் தூக்கினார்.

"இருப்பு கிடங்குலதானே இருக்கணும்னு சொன்ன? அது எப்படி அங்க போச்சு?"

"வெளித்தீவு இருப்பு. காத்து அடிச்சா படகு போகாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ தலைவர் ஆனதுக்கப்புறம் கடலைப் பாக்கறதே இல்லையோ?"

 பன்றிகளை மேசைமேல் பத்துப் பத்தாக நிறுத்தினார்கள். நாலு வரிசை, அப்புறம் ஆறு. நாற்பத்தாறு.

எட்வின் தொப்பியைக் கழற்றினான். தூர்டிஸ் பென்சிலை எடுத்தாள். கிடங்கு பிழைத்தது. எழுத வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் கதவு திறந்தது. ஹல்வாரின் மனைவி குன்வோர் பனியோடு உள்ளே வந்தாள். கையில் ஒரு பை.

"நல்லவேளை, இன்னும் முடிக்கலை" என்றாள். "தூர்டிஸ், கடை இன்னிக்குப் பூட்டியிருக்கு. இதை இங்கேயே திருப்பிக் கொடுத்துட்டுப் போறேன். பிரிக்கவே இல்லை. சீட்டும் இருக்கு."

பையைக் கவிழ்த்தாள். ஆறு பன்றி. கழுத்தில் சிவப்பு நாடா, மேலே கண்ணாடித்தாள்.

 நாற்பத்தாறும் ஆறும் எவ்வளவு என்பதை எட்வின் விரலில் எண்ணிப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டான்.

"இது யாரு வாங்கினது?" என்றாள் தூர்டிஸ் மெதுவாக.

"இவர்தான் வாங்கச் சொன்னார்" என்றாள் குன்வோர். "இருபதாம் தேதி காலையில. 'அந்தத் தூர்டிஸ் கணக்கு தப்பிடும், இந்த வருஷம் நமக்கே இல்லாமப் போகும், போய் ஏழு வாங்கிட்டு வா'ன்னு. நான் ஒண்ணு போதும்னுதான் சொன்னேன்."

ஹல்வாரின் முகம் நாடா நிறத்துக்கு வந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துரோகி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அது கூட்டத்துப் புத்தகத்தில் அவர் சொன்னபடியே எழுதியிருந்தது, அது போதும்.

தூர்டிஸும் அவரைத்தான் பார்த்தாள். அந்த ஆறையும் எடுத்துக்கொண்டால் ஐம்பத்திரண்டு, கிடங்கு போச்சு. ஆனால் எடுத்துக்கொண்டதை எழுதவேண்டும், யாரிடமிருந்து என்றும் எழுதவேண்டும். பென்சிலைக் காகிதத்தில் வைத்தாள்.

"எழுதட்டுமா, ஹல்வார்? திரும்பி வந்தது ஆறு. கொடுத்தவர் பேரு..."

ஹல்வார் கையை நீட்டினார். ஒரு பன்றியை எடுத்தார், கண்ணாடித்தாளைப் பிரித்தார், காதைக் கடித்தார்.

"திருப்பிக் கொடுக்கறதுக்கு இல்ல" என்றார், வாய் நிறைய. "இப்பத் திங்கறதுக்கு வாங்கினது."

"ஆறுமா?" என்றாள் குன்வோர்.

"ஆறும்தான்."

இரண்டாவதை எடுத்தார். காலை வேளை, வெறும் வயிறு, பன்றியோ முழுக்கச் சர்க்கரை. மூன்றாவதில் மேல்கோட்டின் பொத்தானைக் கழற்றினார். தூர்டிஸ் நாற்பத்தாறு என்று எழுதி, கீழே கோடு இழுத்து, தன் பெயரைப் போட்டாள். பிறகு அடுப்பிலிருந்து காப்பிக் கெண்டியை எடுத்து அவருக்கு ஒரு கோப்பை நிறைய ஊற்றினாள். சிறுவயதில் ஒரே பெஞ்சில் இருந்தவன்தானே.

"மெதுவா சாப்பிடு, ஹல்வார்" என்றாள். "நாங்க எங்கயும் போகப்போறதில்ல."